நஞ்சைக் காட்டும் நுண்ணுயிர்

உண்டவுடன் உயிரைப் பறிக்கும் விஷத்தை அறிந்துகொள்ள விஞ்ஞானம் வேண்டியதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் உடலுக்குள் தடயமின்றித் தங்கி, உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைத்து, இறுதியில் புற்றுநோயாக வெளிப்படும் விஷத்தைக் கண்டறிவதே நச்சியலின் தலையாய சங்கடமாக இருந்துவந்தது. ஒரே ஓர் இரசாயனத்தைச் சோதிக்க நூற்றுக்கணக்கான எலிகளுக்கு இரண்டாண்டுக் காலம் அதனை ஊட்டி, பின்னர் அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய வேண்டியிருந்ததால், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ஆயிரக்கணக்கில் சந்தைக்கு வந்து குவிந்த புதிய பொருள்களை இம்முறையில் பரிசோதிப்பது எந்தத் தேசத்தாலும் இயலாத காரியமாயிற்று. இரண்டே நாளில் முதல் எச்சரிக்கையைத் தரவல்ல உபாயத்தைக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ்.

1928-இல் நியூயார்க்கில் பிறந்து, 1953-இல் கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஏம்ஸ், ஆரம்பத்தில் விஷங்களை ஆராய்ந்தவரே அல்லர். சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் விதத்தையும், அத்தயாரிப்பை மரபணுக்கள் கட்டுப்படுத்தும் நியதியையும் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் அவர் ஆராய்ந்துவந்தார். 1964-ஆம் ஆண்டு வாக்கில், உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த சேர்மானப் பட்டியலைப் படித்தபோது, இவற்றுள் எதுவேனும் மரபணுவைக் கெடுக்குமோ என்ற ஐயம் தமக்கு எழுந்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. அந்த ஐயத்துக்கு விடை காணும் கருவி அவரிடமே இருந்தது.

ஹிஸ்டிடின் தயாரிக்கும் மரபணுவில் பழுது நேர்ந்த சால்மொனெல்லா, அந்த அமிலத்தை வெளியிலிருந்து ஊட்டினாலன்றிப் பெருகாது. அத்தகைய நுண்ணுயிர்களில் ஏறத்தாழ பத்துக் கோடியை, ஹிஸ்டிடின் அநேகமாக இல்லாத தட்டொன்றில் பரப்பி, சந்தேகத்துக்குரிய பொருளையும் அதில் சேர்த்தால், அப்பொருள் மரபணுவைத் தாக்கும் இயல்புடையதாயின், பிழையாக அச்சான சொல்லில் இன்னொரு பிழை விழுந்து மூலச் சொல்லே மீண்டுவிடுவதுபோல, சில பாக்டீரியாக்களின் பழுது தற்செயலாகத் திருந்தி, அவை பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாகத் திரளும். இயல்பாகவே தோன்றும் சில புள்ளிகளுக்கு மேல் எத்தனை தோன்றின என்பதே கணக்கு. மரபுப் பொருளின் சேதத்தைச் சீர்செய்யும் ஆற்றலைப் பறித்தும், மேலுறையைத் தளர்த்தியும், அந்நுண்ணுயிரை மேலும் நுட்பமான சாட்சியாக ஏம்ஸ் மாற்றினார். உடலில் புகுந்து கல்லீரலால் மாற்றப்பட்ட பின்னரே விஷமாகும் பொருள்களும் பல உண்டாதலால், எலியின் கல்லீரல் சாற்றையும் தட்டில் சேர்த்தார்; சோதனையின் முழு வலிமையும் இந்த யுக்தியால் வெளிப்பட்டது.

அவர் பின்னர் சேர்ந்த பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்து 1973-இல் வெளியான இம்முறைக்குக் காப்புரிமை தேடாமல், கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் பாக்டீரியாவை அவர் அனுப்பிவைத்தார். 1975-இல் அவர் குழுவினர் சோதித்த 169 தலைமுடிச் சாயங்களில் 150 சாயங்கள் மரபணுவைத் தாக்குவன என்று தெரியவந்தது. குழந்தைகளின் இரவு உடைகள் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கப்பட்ட டிரிஸ் என்ற இரசாயனமும் அத்தகையதே என்று ஆய்வாளர் ஆர்லீன் பிளமும் அவரும் 1977-இல் எடுத்துக்காட்ட, அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசாங்கம் அவ்வுடைகளைத் தடைசெய்தது. சுற்றுச்சூழல் இயக்கத்தார் ஏம்ஸைத் தங்கள் வீரராகவே கொண்டாடினர்.

ஆயினும் அளவுகோலைச் செய்தவர், அதை ஒரு பக்கம் மட்டும் வைத்து அளக்கச் சம்மதிக்கவில்லை. பூச்சிகளை விரட்டத் தாவரங்கள் தாமே சுரக்கும் இயற்கை நஞ்சுகளையும் அவர் ஆராய்ந்தார். அமெரிக்கர் ஒருவர் நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் இயற்கைப் பூச்சிக்கொல்லிகளை உண்கிறார் என்றும், உணவில் எஞ்சும் செயற்கைப் பூச்சிமருந்துகளைவிட இது பதினாயிரம் மடங்கு அதிகம் என்றும், எலிகளில் சோதிக்கப்பட்ட 52 இயற்கை நஞ்சுகளில் 27 புற்றுநோய் விளைத்தன என்றும் 1990-இல் லோயிஸ் கோல்ட் முதலிய சகாக்களோடு அவர் எழுதினார். எலிகளுக்கு உச்ச அளவில் ஊட்டுவதே திசுக்களை நைந்து பெருகச் செய்து புற்றுநோயை வரவழைக்கக்கூடும் என்பதும், ஆகவே அம்முடிவுகளைச் சொற்ப அளவுகளுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதும் அவர் வாதம். நேற்றுப் புகழ்ந்தவர்கள் இன்று இரசாயனத் தொழிலதிபர்களின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அவரைத் தூற்றினர்.

அத்தூற்றல் அவருடைய எழுத்தை முழுமையாகப் படித்தவர் கூறக்கூடியதன்று. கேடுகளை ஒப்பிட்டு 1987-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட அட்டவணையில் மிக உயர்ந்த எண் பெற்றவற்றுள் ஒன்று, எத்திலீன் டைபுரோமைடு என்ற செயற்கை இரசாயனத்தைத் தொழிற்சாலையில் அன்றாடம் சுவாசித்த தொழிலாளருக்கு நேரும் கேடாகும். சமையலறைக்கு வரும் கறிகாயில் ஒட்டியிருக்கும் துளியும், தொழிலாளியின் மூச்சில் நிறையும் ஆவியும் ஒரே பொருளாயினும் ஒரே கேடு ஆகா என்பதே அவர் கட்சி. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஒப்பாதவர் இன்றும் உண்டு; அவருடைய சோதனைக்கும் எல்லை உண்டு, ஆஸ்பெஸ்டாஸ் போன்ற கொடியவற்றை அது பிடிக்காது. எனினும், 2024-இல் அவர் மறைந்த பின்னரும், புதிய மருந்துகளின் பாதுகாப்பை ஆராய்வோர் முதலில் நாடும் சோதனைகளுள் அது ஒன்றாகவே நிலைத்திருக்கிறது. மரபணுவை இப்பொருள் தாக்குமா என்பதற்குத் தட்டிலுள்ள புள்ளிகள் பதிலளிக்கும். எவ்வளவு, எத்தனை காலம், யாருடைய உடலுக்குள் என்ற கேள்விகளைத் தனியே கேட்டறியாமல் எதையும் தூற்றவும் துதிக்கவும் துணியலாகாது என்பதே, வாழ்த்தையும் வசையையும் பெற்ற அவ்விஞ்ஞானியின் வாழ்நாள் உழைப்பு நமக்குக் கற்பிக்கும் விவேகம்.