காயலோரத்துப் பச்சைத் தவளை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் சந்தடியை விட்டுத் தெற்கே வெள்ளாயணிக் காயல் வரை விரியும் கடலோரச் சமவெளியிலும், அதைப் போன்ற தாழ்நிலங்களிலும், நீர்ச்செடிகள் மண்டிய குளங்களை வாசஸ்தலமாகக் கொண்டு, கண்ணையும் நாசியையும் மட்டும் நீருக்குமேல் நிறுத்தி அசைவற்று மிதக்கும் ஜீவன் பச்சைத் தவளை. புதுச்சேரியில் கிடைத்ததை ஆதாரமாகக் கொண்டு, 1834-இல் இதனைச் சாஸ்திர உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் லெஸ்ஸோன். பசும்புல் நிற முதுகும், இளம் பருவத்தில் அதன் நடுவே ஓடும் வெளிர்கோடும், வெண்ணிற வயிறும், நுனிவரை ஜவ்வு பரந்த பின்கால் விரல்களும் இதன் லட்சணங்கள். ஆணைவிடப் பெண்ணே பருத்தது, சுமார் 13 செ.மீ. வரை வளரும்.

ஆனால், என்னைப் பெரிதும் வியக்கவைப்பது இதன் ஆகாரமே. வளர்ந்த தவளைகள் மாமிசபட்சிணிகள் என்பது உலகப் பொது விதியாயிருக்க, குஞ்சுப் பருவத்தில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் இது, வளர்ந்தபின் பெரும்பாலும் இலைகளையே உண்கிறது என்று 1996-இல் இந்திரனீல் தாஸ் வெளியிட்ட தென்னிந்திய ஆய்வு நிரூபித்தது.

மழைக்காலத்தில் ஆண் தவளை தாடையின் இருபுறமும் குரற்பைகள் உப்பக் கத்தித் துணையை அழைக்கும். பெண் தேங்கிய நீரில் முட்டையிடும்.

கால் மாமிசத்துக்காக இவ்வினமும் ஏராளமாகப் பிடிக்கப்பட்டது. 1987-இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. குளங்களைத் தூர்ப்பதையும் நாம் நிறுத்தியாக வேண்டும்.