ஒரு லட்சம் சேர்த்தவர்!

காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஆனால் உயிரெல்லாம் பழைய புத்தகங்களின் மேல்தான். புத்தகம் மட்டுமா? பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், கல்யாண அழைப்பிதழ்கள் எல்லாமாகச் சுமார் ஒரு லட்சம் சேர்த்துவிட்டார்!

1992-இல் அவர் காலமானார். சேர்த்தவரே போய்விட்டால், எது எங்கே என்று யாரைக் கேட்பது? 1994-இல் சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை வாங்கியது. ஆனாலும் அது கடல் கடக்கவில்லை. சென்னையிலேயே அவர் பெயரால் நூலகம் அமைந்தது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று பட்டியல் போட்டார்கள்; மைக்ரோபிலிமில் பதிந்தார்கள்; பிறகு கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்கள்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் கம்பெனியின் விளம்பரப் படங்களும் ஒப்பந்தங்களும் இன்று கம்ப்யூட்டருக்குள்தானே இருக்கின்றன? "அது பழைய குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்" என்ற பதில் அங்கேயும் கேட்கிறதா? அப்படியானால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்!

முதலில், யாருக்கு எது அடிக்கடி வேண்டியிருக்கிறது என்று விசாரியுங்கள். வேண்டாததைக் கழியுங்கள். செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்கு விலாசம் இருந்ததுபோல், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே முறையில் பெயர் வையுங்கள். எதை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று வரையறுங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காமல், ஒரு பிரிவில் நடத்திப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு விரியுங்கள்.

சேர்ப்பது பாதி வேலைதான். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடிந்தால்தான் அது சொத்து. இல்லாவிட்டால் வெறும் சுமை!