ஐந்து புலங்களில் ஒரு பொழுது

நுழையும்முன்

நம் முன்னோர் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்துக் கண்டனர். கணினிக்கும் காலத்தைப் பகுத்தே சொல்ல வேண்டியுள்ளது. அதற்கென அமைந்த 'கிரான்' என்னும் குறிமொழியை, பழனி மலைத்தொடரின் கொடைக்கானலை முன்னிறுத்தி இப்பாடம் விளக்குகிறது.

தவறவிடக் கூடாத பொழுது

கொடைக்கானல் கதிரவ ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1901இல் அங்குக் கதிரவனை நோக்கும் பணி தொடங்கிற்று. கதிரவப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்குதான் கண்டறிந்தார். நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து எடுக்கப்பட்ட கதிரவப் படங்கள் இவ்வாய்வகத்தின் பெருஞ்செல்வம். தவறவிட்ட நாளின் கதிரவனை மறுநாள் படமெடுக்க இயலாது. இத்தகைய பணியை ஒரு கணினியிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். 'நாள்தோறும் காலை ஏழு மணிக்குப் படமெடு' என்பதை அதற்கு எவ்வாறு சொல்வது?

குறிமொழியின் அமைப்பு

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இப்பணிக்கு உதவும் நிரலே கிரான். பெல் ஆய்வகத்தின் 1979ஆம் ஆண்டு யூனிக்ஸ் பதிப்பிலேயே இது இடம்பெற்றது. இது நிமிடந்தோறும் தன் அட்டவணையைக் கடிகாரத்தோடு ஒப்பிடும். பொருந்தினால் உரிய செயலை இயக்கும். ஒவ்வொரு கட்டளையிலும் காலத்தைக் குறிக்க ஐந்து புலங்கள் உண்டு. அவை இடமிருந்து வலமாக நிமிடம் (0–59), மணி (0–23), தேதி (1–31), மாதம் (1–12), கிழமை (0–6; ஞாயிறு 0) என அமையும்.

0 7 * * *

இதில் உடுக்குறி 'எதுவாயினும்' எனப் பொருள்படும். எனவே, எத்தேதி, எம்மாதம், எக்கிழமையாயினும் ஏழு மணி பூச்சிய நிமிடத்தில் செயல் நிகழும். காற்புள்ளி பல மதிப்புகளை அடுக்கும். சிறுகோடு தொடர்ச்சியைக் காட்டும். சாய்கோடு இடைவெளியைக் குறிக்கும்.

*/10 7-16 * * 1-5

திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7.00 முதல் மாலை 4.50 வரை, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை என்பது இதன் பொருள்.

தெரிந்து தெளிவோம்

குறிஞ்சித் திணைக்குரிய சிறுபொழுது யாமம். இரவு 10 மணி முதல் 2 மணி வரையிலான இப்பொழுதை மணிப்புலத்தில் 22,23,0,1 என எழுதலாம்.

பிழை நேரும் இடங்கள்

முதற்புலத்தில் பூச்சியத்திற்கு மாற்றாக உடுக்குறியை இட்டால், 7.00 முதல் 7.59 வரை நிமிடந்தோறும், அறுபது முறை செயல் நிகழும். தேதி, கிழமை இரண்டிற்கும் எண் தந்தால், பொதுவாக இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். 0 7 1 * 1 என்பது முதல் தேதி திங்களாக அமையும் நாளை மட்டும் குறிக்காது. எல்லா முதல் தேதிகளையும் எல்லாத் திங்கட்கிழமைகளையும் குறிக்கும். மேலும், கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இயங்கினால், 0 7 என்பது நமக்கு நண்பகல் 12.30 ஆகிவிடும். இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியிருப்பதால், நம் காலை ஏழு மணிக்கு 30 1 என எழுதவேண்டும்.

குறிமொழியின் எல்லை

கொடைக்கானல் மலைகளில் 2006, 2018ஆம் ஆண்டுகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் இக்கணக்கை இவ்வைந்து புலங்களில் எழுத இயலாது. ஆண்டுக்கெனப் புலம் இல்லை. பழனித் தைப்பூசத்தையும் எழுத இயலாது. அது நிலவையும் விண்மீனையும் சார்ந்தது.

நாம் எண்ணியது எதுவாயினும், எழுதியதையே கணினி செய்யும். ஆகவே, கட்டளையை எழுதியபின் ஐந்து புலங்களையும் ஒரு தமிழ்த்தொடராக வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் நன்று. நாம் கருதிய பொழுதை அத்தொடர் சொல்லவில்லையெனில், கட்டளையும் சொல்லவில்லை.

சிந்தனை வினா

30 6 * 1 0 என்னும் கட்டளையைத் தமிழ்த்தொடராக்குக. அது ஓர் ஆண்டில் எத்தனை முறை நிகழக்கூடும்?