உங்களுக்குத் தெரியுமா? குஞ்சு ஆணா, பெண்ணா? தண்ணீரின் சூட்டைக் கேளுங்கள்!

● அமேசான் படுகையின் சிற்றோடைகளில், உதிர்ந்த இலைக் குவியல்களுக்குள் வாழும் குள்ளச் சிக்லிட் மீன் அபிஸ்டோகிராம்மா. ஆண்மீன்களே பெரும்பாலும் 10 செ.மீ. நீளத்தைத் தாண்டாது.

● இவற்றின் பல இனங்களில், குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தண்ணீரின் வெப்பநிலையும் தீர்மானிக்கிறது. 23 டிகிரி செல்சியஸில் பெண்கள் அதிகம். 29 டிகிரியில் ஆண்கள் அதிகம். முட்டையிட்ட பின் வரும் முதல் சில வாரங்களே முக்கியம். 1996-இல் வெளியான ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. சில இனங்களில் நீரின் அமிலத்தன்மைக்கும் இதில் பங்குண்டு.

● தாய்மீன் முட்டைகளைக் குகையின் கூரையில் ஒட்டும். வீட்டுத் தொட்டியில், ஓரத்தில் சிறு வாசல் வெட்டிக் கவிழ்த்த கொட்டாங்குச்சியே அருமையான குகை!

● குஞ்சு காக்கும் தாய், பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புக் குறிகளுமாக நிறம் மாறும். தன்னைவிடப் பெரிய ஆணையும் விரட்டியடிக்கும். ஆண் ஒளிந்துகொள்ளச் செடிகளும் வேர்க்கட்டைகளும் அவசியம். சிறிய தொட்டியென்றால் ஆண்மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

● நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கு ஏற்ற உணவு, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால். தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.