குழந்தையின் பெயர் தாங்கிய கடல்

ஐப்பசி பிறந்ததும் சங்கரன்கோவில் வட்டார மானாவாரி உழவர்கள் கிழக்கு வானையே நோக்குவர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், வடகிழக்குப் பருவமழையே அவர்களுக்கு வாழ்வு. அறிவியலார் நோக்குவதோ, பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள பசிபிக் பெருங்கடலை!

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிக் கடல்நீர் வெப்பமடைவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர்கள், அதனைக் குழந்தை இயேசுவின் பெயரால் 'எல் நினோ' என்றழைத்தனர். சில ஆண்டுகளில் மிகுந்து தோன்றும் வெப்பத்திற்கே பின்னர் அப்பெயர் நிலைத்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் துலாத்தட்டுகள்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். கடலின் வெப்பமும் காற்றின் அழுத்தமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை ஜேக்கப் பியர்க்னஸ் 1969-இல் விளக்கினார்.

எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை மிகுவது பெரும்பாலும் உண்டு; எனினும் அது உறுதியன்று. 2023 அத்தகைய ஆண்டே. அவ்வாண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்மாவட்டங்கள் வெள்ளத்தில் தவித்தன.

அந்த நாளையும் ஊரையும் பசிபிக் முன்னதாகக் கூறிவிடவில்லை, கூறவும் இயலாது. தொலைக்கடல் பருவத்தின் போக்கையே காட்டும். விதைப்பதற்கு அது துணையாகலாம். உயிரைக் காப்பதற்கோ, அன்றன்று வரும் வானிலை எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தலே அறிவுடைமை அன்றோ!