எந்த ஹிகாரிபூல்-1?

ஒரு செயலி தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் இணைப்பு வேண்டும். அதைத் திறப்பது லேசான வேலையல்ல: கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும், போஸ்ட்கிரெஸ் என்றால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி புராசஸே தொடங்க வேண்டும். கேள்விக்குக் கேள்வி இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. ஆகவே சில இணைப்புகளைத் திறந்தே வைத்து, கேட்கும்போது கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடுதான் கனெக்‌ஷன் பூல்.

ஜாவாவில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது ஹிகாரிசிபி. 2018இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.0 முதல், தனியாகச் சொல்லாவிட்டாலும் இதுவே வந்து அமர்கிறது. ஒரு பூலில் வழக்கமாக அதிகபட்சம் 10 இணைப்புகள். பத்தும் வேலையில் இருந்தால் அடுத்த கோரிக்கை 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் லாக்கில் பிழை விழும். ‘ஹிகாரிபூல்-1இல் இணைப்பு கிடைக்கவில்லை’ என்பது அதன் சாரம்.

எந்த ஹிகாரிபூல்-1? பெயரிடாத பூல்கள் உருவாகும் வரிசையில் 1, 2 என்று எண் பெறுகின்றன. ஒரே செயலியில் ஆர்டர்களுக்கு ஒன்று, அறிக்கைகளுக்கு ஒன்று என இரண்டு இருந்தால் எது எதுவென்று எண் சொல்லாது. பத்துச் சேவைகள் தனித்தனியே ஓடினால் பத்திலும் ஒரு ஹிகாரிபூல்-1 இருக்கும். பெயர்ப்பலகை இல்லாத மெயின் போர்டில் மோட்டார் சுவிட்சைத் தேடுகிற கதைதான்.

தீர்வு, அமைப்புக் கோப்பில் ‘பூல்-நேம்’ என்ற ஒரே வரி. அங்கே கொடுக்கும் பெயர் லாக் வரிகளில் வரும். பூலின் பின்னணித் திரெட்களின் பெயரிலும் சேரும். மைக்ரோமீட்டர் நூலகம் வழியாக புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவிக்கு அளவீடுகளை அனுப்பினால், எத்தனை இணைப்புகள் வேலையில், எத்தனை சும்மா, எத்தனை கோரிக்கைகள் காத்திருப்பில் என்பதை அந்தப் பெயர்வாரியாகவே பார்க்கலாம். வேலையில் இருப்பவை பத்திலேயே நின்று, காத்திருப்பு ஏறிக்கொண்டே போனால் அந்தப் பூல் திணறுகிறது. பூலைப் பெரிதாக்கும் முன், இணைப்பை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும் கேள்வி எதுவென்று தேட வேண்டும்.

தேடும் இடம் தரவுத்தளம். ஆனால் பூலின் பெயர் தானாக அங்கே போய்ச் சேராது. போஸ்ட்கிரெஸில் ‘அப்ளிகேஷன் நேம்’ என்ற தனி அமைப்பு உண்டு. அதற்கும் அதே பெயரைக் கொடுத்தால், நடப்பு இணைப்புகளின் பட்டியலில் யாருடைய கேள்வி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். அப்ளிகேஷன் நேமுக்கு 63 எழுத்துக்குறிகள்வரைதான் இடம். ஜாவாவின் ஜேஎம்எக்ஸ் கண்காணிப்பை இயக்கியிருந்தால் பூல் பெயரில் முக்காற்புள்ளி கூடாது, ஹிகாரி ஏற்காது.

பெயரில் பதிப்பெண்ணையும் தேதியையும் சேர்க்காதீர்கள். வெளியீட்டுக்கு வெளியீடு அளவீடுகளின் வரைபடம் அறுந்துபோகும். ‘ஆர்டர்-எழுத்து’, ‘அறிக்கை-வாசிப்பு’ என்று செய்யும் வேலையைச் சொல்லும் பெயரே போதும். இரண்டாவது பூலைச் சேர்க்கும் அன்றே இரண்டுக்கும் பெயர் வைத்துவிடுங்கள்.