குட்டை வெட்டுமுன் கோடுகளைப் பாருங்க

சில வருஷம் முன்னாடி எங்க மானாவாரிக் கொல்லையில் பண்ணைக்குட்டை வெட்டினேன். ஜேசிபி வந்து நின்ற இடம்தான் குட்டை! ஐப்பசியில் மழை கொட்டியது. தண்ணி குட்டைக்கு முப்பதடி தள்ளி ஓடிப்போச்சு. பணம் போன பிறகுதான் இந்திய நில அளவைத் துறையின் 'டோப்போஷீட்'டை எடுத்துப் பார்த்தேன்.

இதில் 1 செ.மீ. என்பது தரையில் அரை கிலோமீட்டர். புதுக்கோட்டை நகரம் பழைய வரிசையில் 58 ஜே/15 தாளில் வரும், நார்த்தாமலை அதற்கு வடக்கே 14-இல். புது வரிசைத் தாளைத் துறையின் இணையதளத்தில் இறக்கிக்கலாம்; எண் மாறியிருக்கும்.

முதலில் பழுப்புக் கோடுகள். ஒரே கோட்டின் மேல் நடந்தால் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். நார்த்தாமலைப் பாறையில் கோடுகள் நெருக்கியடிக்கும். கிழக்கே கடல் பக்கம் போகப்போக அடுத்த கோட்டைத் தேடணும். கோடு வளைந்து அதன் முனை மேட்டைப் பார்த்தால் அது ஓடை, பள்ளத்தைப் பார்த்தால் மேட்டு முதுகு. தண்ணி கோட்டைக் குறுக்கே வெட்டித்தான் இறங்கும்.

நீலம் என்றால் தண்ணி. மழைக்கு மட்டும் ஓடும் ஓடை கறுப்பில் இருக்கும், நம்ம சீமையில் அதுதான் அதிகம். கண்மாய்க் கரைமேல் '4r' என்றிருந்தால் கரை 4 மீட்டர் உயரம்.

தாளில் அளவெடுத்த வருஷம் போட்டிருக்கும், அதை விட்டுடாதீங்க. அதற்குப் பிறகு வந்த தைலமரக் காடும் கல்குவாரியும் அதில் இருக்காது. தாளில் இருக்கிற வரத்துவாரி தரையில் இல்லை என்றால், எங்கே அடைபட்டது என்று நடந்து பாருங்க. மனு கொடுக்க இது மட்டும் போதாது. கிராமப் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் சேர்த்து வைக்கணும்.

ஆனால் 20 மீட்டர் கோடு ஒரு ஏக்கருக்குள் வரப்பு போட உதவாது. அதற்குத் தண்ணி நிரப்பிய கண்ணாடி டியூப் போதும். ரெண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து முளையடிச்சுப் போகலாம்.

என் குட்டையை மூடவில்லை. தாளைப் பார்த்தால், தண்ணி போன பக்கம் ஒரு கறுப்பு ஓடை, நேரே ஊர்க் கண்மாய்க்கு. அதை மறிப்பது தப்பு. என் கொல்லையில் விழும் மழைக்கு மட்டும் மேல்புறத்தில் லேசான வாட்டத்தில் ஒரு வரப்பு போட்டேன். போன ஐப்பசியில் குட்டை முக்கால்வாசி நிறைந்தது.